குதிரை ஏறுன பிக்குகள், கையில நகினாட்டா

பழைய ஜப்பான் போர்களை வெச்சு வந்த ஷோகன் 2 வீடியோ கேம்ல எந்த யூனிட் (படைப்பிரிவு) பிடிக்கும்னு கேட்டா யோசிக்கவே மாட்டேன், உயேசுகி குலத்துக்கு வர்ற நகினாட்டா பிக்கு குதிரைப்படைதான். கேம் 2011ல வந்தது, இன்னைக்கும் புதுசா கேம்பெய்ன் போட்டா அந்தக் குலத்தோட எச்சிகோ மாகாணத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கிறேன்.

நகினாட்டான்னா நீளமான கம்பு, நுனில வளைஞ்ச கத்தி, குத்துறதை விட வீசி வெட்டுறதுக்குத்தான் அது. ஆனா வரலாத்துல பிக்குங்க அதைத் தூக்கிட்டு சண்டை போட்டது பெரும்பாலும் தரையில நின்னுதான். ஹியேய் மலை என்ரியாகுஜி, நாரால கோஃபுகுஜி, மீதேரா, இந்தக் கோயிலுக்கெல்லாம் சொந்த நிலம், சொந்தப் படை. காமோ ஆத்து வெள்ளம், பகடைக்காய், மலைக்கோயில் பிக்குங்க, இந்த மூணும் என் பேச்சைக் கேக்காதுன்னு ஷிரகாவா பேரரசரே சொன்னதா ஒரு கதை உண்டு. 1180ல உஜி பாலத்துச் சண்டைல தஜிமான்னு ஒரு பிக்கு பாலத்து மேல தனியா போய் நின்னு, பறந்து வர்ற அம்பையெல்லாம் நகினாட்டாவைச் சுழட்டி வெட்டிப் போட்டாருன்னு ஹெய்கே காவியத்துல வரும், எனக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும். அவரும் குதிரைல வரல.

அப்போ இந்தக் குதிரைப்படை கேம்காரங்க கற்பனையான்னா, பெரும்பாலும் ஆமாதான். ஆனா அதை உயேசுகிக்குக் குடுத்தாங்க பாருங்க, அதுதான் சரியான இடம். அந்தக் குலத்தோட தலைவர் உயேசுகி கென்ஷின் தீட்சை வாங்கினவரு, பிஷாமொன்தென்ங்கிற போர்க்கடவுளோட பக்தர், கொடிலயே அந்தச் சாமி பேரோட முதல் எழுத்துதான் இருக்கும். ஓவியங்கள்ல தலைல பிக்குங்க கட்டுற வெள்ளைத் துணியோட குதிரை மேல வருவாரு. 1561 கவனகஜிமா போர்ல எதிரி தகேதா ஷிங்கென் உக்காந்திருந்த இடத்துக்கே குதிரைய விட்டு வெட்டினாரு, ஷிங்கென் கையில இருந்த போர் விசிறியால தடுத்தாருன்னு சொல்லுவாங்க. ஷிங்கெனும் அப்போ மொட்டை போட்டு தீட்சை வாங்கினவருதான்!

கேம்ல இவங்க வெட்டு பலமா இருக்கும், மனஉறுதியும் சட்டுனு உடையாது. கவசம்தான் கம்மி, அம்பு மழைல நிறுத்திட்டா கண்ணு முன்னாடியே கரைஞ்சு போவாங்க. அதனால காட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சு, முன்வரிசை ரெண்டும் மோதிக்கிட்ட அப்புறம் சுத்திட்டு வந்து வில்லாளிங்க முதுகுல விடணும்.

நொபுனாகா 1571ல ஹியேய் மலையை எரிச்சதை நினைச்சுட்டே நான் எப்பவும் இவங்களை அவரோட ஓடா குலத்து மேலதான் கொண்டு போவேன். ஆனா ஓடாவோட பலமே யாரி அஷிகாருங்கிற ஈட்டிக் காலாட்படை, ஈட்டிச் சுவர் போட்டு நிக்குறவனுங்க மேல நேரா விட்டா குதிரை ஒண்ணு கூட திரும்பாது, எவ்ளோ கோவம் இருந்தாலும் அங்க மட்டும் சுத்திதான் போகணும்.