நான்கு புள்ளி முன்னிலை

ஜூன் 8, 2025, ஞாயிறு

2008இல் இதே நாளில்தான் போலந்து ஓட்டுநர் ராபர்ட் குபிட்சா கனடாவின் மான்ட்ரியலில் ஜெயித்தார். ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் அவருக்கு முதல் வெற்றி, கடைசி வெற்றியும் அதுதான். பழைய பதிவை எடுத்து மறுபடி பார்த்தேன். எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் பிட் பாதையின் முனையில் சிவப்பு விளக்கு எரிகிறது. குபிட்சாவும் ராய்க்கொனனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். பின்னால் வந்த ஹாமில்டன் விளக்கைக் கவனிக்காமல் ராய்க்கொனன் காரில் இடித்துவிடுகிறார். அடுத்த வரிசையில் நின்ற குபிட்சாவுக்குக் கீறல்கூட இல்லை.

அதிர்ஷ்டம் என்று பலர் அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டும். அவருடைய அணியைச் சேர்ந்த ஹைட்ஃபெல்ட் ஒரே ஒரு நிறுத்தத்தோடு முடிக்கும் கணக்கில் இருந்தார். குபிட்சாவுக்கு இன்னொரு நிறுத்தம் பாக்கி. அதற்கு வேண்டிய இடைவெளியை லேப் லேப்பாகச் சேர்த்துவிட்டுத்தான் பிட்டுக்குள் வந்தார், முன்னிலையை விடாமல் வெளியே போனார். முந்தைய வருடம் இதே தடத்தில்தான் அவர் கார் சுவரில் மோதிச் சுக்குநூறானது. பயம் இருந்திருந்தால் அந்த லேப்களில் தெரிந்திருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

அன்றைய புள்ளிப் பட்டியலை எழுதி வைக்கிறேன். குபிட்சா 42, ஹாமில்டன் 38, மாஸா 38, ராய்க்கொனன் 35. ஏழு பந்தயம் முடிந்த நிலையில் சாம்பியன்ஷிப்பில் முதலிடம்!

குபிட்சாவின் பிஎம்டபிள்யூ சாபர் அணி அந்த வருடத்துக்கு வைத்திருந்த இலக்கு ஒரு பந்தய வெற்றி. அது கிடைத்துவிட்டது. 2009இல் விதிகள் பெரிய அளவில் மாறவிருந்தன. அதனால் அணியின் கவனம் புதிய காருக்குப் போனது. அந்த வருடத்துக் காரை மேம்படுத்தும் வேலை போதவில்லை என்று குபிட்சா வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் காரை வைத்தே இத்தாலியின் மோன்சாவில் மூன்றாமிடம், ஜப்பானின் ஃபுஜியில் இரண்டாமிடம் பிடித்தார். ஃபுஜிக்குப் பிறகும் இரண்டு பந்தயம் பாக்கி, ஹாமில்டனைவிட 12 புள்ளிதான் பின்னால். கடைசியில் 75 புள்ளியோடு நான்காமிடம். மூன்றாமிடம் வந்த ராய்க்கொனனுக்கும் அதே 75தான், வெற்றி மட்டும் ஒன்று கூடுதல்.

சரி, எல்லாவற்றையும் அடகு வைத்து வாங்கிய 2009 கார் எப்படி இருந்தது? மந்தம். அந்த ஜூலையிலேயே பிஎம்டபிள்யூ, வருட முடிவோடு ஃபார்முலா ஒன்னை விட்டு விலகுவதாக அறிவித்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ஜூன் 12, வியாழன்

எல்லோரும் பேசுவது 2011 பிப்ரவரி 6 பற்றித்தான். இத்தாலியில் குபிட்சா ஓட்டிய ஒரு சின்ன ராலி, அதாவது சாதாரண சாலைகளில் ஓடும் கார் பந்தயம். சாலையோர இரும்புத் தடுப்பு ஸ்கோடா காரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து அவருடைய வலது கையைச் சிதைத்தது. மூன்று நாள் முன்புதான் வாலென்சியாவில் நடந்த ஃபார்முலா ஒன் சோதனை ஓட்டத்தில் அவர் அதிவேக நேரம் பதித்திருந்தார். 2012இல் ஃபெராரிக்கு ஓட்டக் கையெழுத்தும் போட்டிருந்ததாகப் பிற்பாடு அவரே சொன்னார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

“யார் ராலிக்குப் போகச் சொன்னது?” என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ராலி ஓட்டுவது அவருக்குப் பயிற்சி, பிடித்த வேலையும்கூட.

எட்டு வருடம் கழித்து 2019இல் வில்லியம்ஸ் அணியில் திரும்பி வந்தார். கியர் ஏற்றுவதும் இறக்குவதும் இடது கையால். அந்த வருடத்தின் மிக மெதுவான கார் அது. அந்த அணி வருடம் முழுக்க எடுத்தது ஒரே ஒரு புள்ளி. ஹாக்கன்ஹைமில் அதை எடுத்தவர் குபிட்சா.

ஜூன் 14, சனி

பிரான்ஸில் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் தொடங்கிவிட்டது. குபிட்சா ஓட்டுவது 83ஆம் எண், மஞ்சள் ஃபெராரி. கூட மாறி மாறி ஓட்டுபவர்கள் சீனாவின் யிஃபெய் யே, பிரிட்டனின் ஃபில் ஹான்சன்.

எனக்கு 2021 ஞாபகம் வருகிறது. அன்றும் யேயும் குபிட்சாவும் ஒரே காரில். தங்கள் பிரிவில் முன்னிலை, கடைசி லேப். ஸ்டியரிங்கில் யே. கார் அப்படியே நின்றுவிட்டது. முடிந்தவரை தூங்காமல் பார்க்கப் போகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஜெயித்துவிட்டார்!

கடைசி மணி நேரங்கள் முழுக்கக் குபிட்சாவே ஓட்டினார். பின்னால் 6ஆம் எண் போர்ஷே. இடைவெளி எத்தனை நொடி என்பதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. ஒரு தவறும் இல்லை, ஒரு தடுமாற்றமும் இல்லை. 14 நொடி வித்தியாசத்தில் கோட்டைக் கடந்தார். 40 வயது. லெ மான்ஸை ஒட்டுமொத்தமாக வென்ற முதல் போலந்துக்காரர். பக்கத்தில் யே, முதல் சீனர். ஃபெராரியின் சொந்த அணி கார்கள் இரண்டையும் தாண்டி, அந்நிறுவனத்திடம் கார் வாங்கி ஓட்டும் வாடிக்கையாளர் அணியின் மஞ்சள் கார் வந்திருக்கிறது.

சத்தம் போட்டுக் கத்தினேன். அழவும் செய்தேன்.

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து எல்லாரும் “கணக்கு நேராகிவிட்டது” என்றே எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லெ மான்ஸ் அவர் இந்தக் கையோடு ஓட்டிச் சம்பாதித்தது. அதைப் பழைய கடனுக்கு வட்டியாக எழுதினால் அவருக்குச் செய்யும் அநியாயம்.

விபத்தை மட்டும் பேசுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. சாம்பியன் ஆகிற வாய்ப்பு அந்த ராலிக்கு மூன்று வருடம் முன்பே, அவர் இரண்டு கையும் நன்றாக இருந்தபோதே, ஒரு திட்டக் கூட்டத்தில் போய்விட்டது. 2008 கோடையில் அந்தக் காருக்கு வேலை செய்திருந்தால் பட்டத்துக்கு மோதிய மாஸாவுக்கும் ஹாமில்டனுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் கடைசிப் பந்தயமான பிரேசில்வரை போயிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லெ மான்ஸ் போன்ற நீண்ட நேரப் பந்தயங்களுக்கான உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பின் அடுத்த பந்தயம் ஜூலையில், சாவ் பாவ்லோவில். ஆறு மணி நேரம். அந்த மந்தமான 2009 காரை அவர் இரண்டாமிடத்துக்குக் கொண்டுவந்த அதே இன்டர்லாகோஸ் தடம். முழுக்கப் பார்ப்பேன்.