பெயரைப் பார்த்தே பலர் ஒதுக்கிய தொடர்

பிப்ரவரி 8, சனி

‘கிரேஸி எக்ஸ்-கேர்ள்ஃபிரண்ட்’ (‘கிறுக்குப் பிடித்த முன்னாள் காதலி’) என்ற பாட்டும் நகைச்சுவையும் கலந்த தொடரை முதலிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். கூடவே அந்தந்த வருடம் வந்த விமர்சனங்களையும் தேடிப் படிக்கிறேன். 2015 அக்டோபரில் அமெரிக்காவின் சிடபிள்யூ சேனலில் வந்தது. அதற்கு முன்பு ஷோடைம் என்ற இன்னொரு சேனல் ஒரு மாதிரி எபிசோடை எடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு வேண்டாம் என்று கைகழுவியது.

நியூயார்க்கில் கை நிறையச் சம்பாதிக்கும் வக்கீல் ரெபெக்கா. பதின்வயதில் கோடை முகாமில் பழகிய ஜோஷைத் தெருவில் பார்க்கிறாள். அவன் சொந்த ஊருக்குத் திரும்பப் போகிறான் என்று தெரிந்ததும், வரவிருந்த பதவி உயர்வை உதறிவிட்டு கலிஃபோர்னியாவில் வெஸ்ட் கோவினா என்ற அந்த ஊருக்கே குடிபோகிறாள். ‘அவனுக்காக வரவில்லை’ என்று வேறு சாதிக்கிறாள்.

ரெபெக்காவாக நடித்து, தொடரை உருவாக்கியதிலும் பங்குள்ள ரேச்சல் ப்ளூமை அன்றைய விமர்சகர்கள் தாராளமாகவே பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் தலைப்பைப் பற்றிப் பேசாமல் அவர்களால் நகர முடியவில்லை: பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உள்ளே வேறு சரக்கு இருக்கிறது என்கிற தொனி. தொடரே அதை முந்திக்கொண்டுவிட்டது என்பதுதான் வேடிக்கை. தொடக்கப் பாட்டில் கோரஸ் அந்தப் பட்டத்தைச் சொல்லும்போதெல்லாம் ரெபெக்கா குறுக்கே புகுந்து சண்டை போடுகிறாள்.

கதை நடுவே பாட்டு வருவதையும் பத்தி பத்தியாக விளக்கியிருக்கிறார்கள். நமக்கு எதற்கு அந்த விளக்கம்! டூயட்டுக்காக ஸ்விட்சர்லாந்து போய் வந்தவர்கள் நாம்.

ஒரு காட்சியை மட்டும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். புது ஊருக்கு வந்த உற்சாகத்தில் ரெபெக்கா தன் மனநல மாத்திரைகளையெல்லாம் ஸிங்கில் கொட்டிவிடுகிறாள். சில நொடிதான். சிரிப்போடு சிரிப்பாக அது ஓடிப்போகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று எபிசோட் எதுவும் பார்க்கவில்லை, கணக்கு மட்டும். பார்வையாளர் எண்ணிக்கையில் இது கடைசி வரிசை. 2016 ஜனவரியில் ப்ளூமுக்கு கோல்டன் குளோப் விருது கிடைத்த பிறகும் கூட்டம் பெருகவில்லை. வேறு தொடராக இருந்தால் முதல் வருடமே மூட்டை கட்டியிருப்பார்கள். இதுவோ நான்கு சீசன், 62 எபிசோட் ஓடியது. விமர்சகர்களின் ஆதரவு இல்லாமல் இது நடந்திருக்காது.

பிப்ரவரி 15, சனி

மூன்றாவது சீசன். 2017 நவம்பரில் வந்த எபிசோட்கள். ரெபெக்கா தற்கொலைக்கு முயல்கிறாள், விமானத்தில். பாதியில் மனம் மாறி, பணிப்பெண்ணைக் கூப்பிட்டு உதவி கேட்கிறாள். அந்த இடத்தில் பாட்டும் இல்லை, ஜோக்கும் இல்லை.

அடுத்த எபிசோடில் மருத்துவமனை. புதிதாக ஒரு டயக்னோசிஸ் வரப்போகிறது என்றதும் ரெபெக்காவுக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே! தனக்கும் ஒரு பெயர் கிடைக்கும், தன்னைப் போன்றவர்களின் கூட்டம் கிடைக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திப் பாடுகிறாள். டாக்டர் சொல்வது பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர், உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் தடுமாறும் ஒரு மனநலக் கோளாறு. கூகுளில் தேடாதே என்று எச்சரித்தும் தேடிவிடுகிறாள், முகம் தொங்கிப்போகிறது. பட்டம் ஒட்டியதும் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிற மனசை இவ்வளவு கனிவாகக் கேலி செய்த காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

விமர்சனங்கள் இந்த இடத்தில் உச்சிமுகர்ந்தன. நியாயம்தான். ஆனால் தொடர் திடீரென்று ‘சீரியஸ் ஆகிவிட்டது’ என்று சொன்னவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. மாத்திரையை ஸிங்கில் கொட்டியது முதல் எபிசோடிலேயே நடந்துவிட்டதே! அன்று அதை ஒரு கிறுக்குத்தனமாக மட்டும் பார்த்துவிட்டு, இரண்டு வருடம் கழித்துத் திகைப்பதில் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 22, சனி

நாலாவது சீசன் முடியப்போகிறது. பிடி தளர்ந்துவிட்டது, அங்கங்கே அலைகிறது என்ற புகார் இதன்மேல் உண்டு. ரெபெக்காவின் காதலர்களில் ஒருவனான கிரெக் பாத்திரத்துக்கு சாண்டினோ ஃபொன்டானா போய் ஸ்கைலர் ஆஸ்டின் வந்ததும் ஒரு பெரிய பேச்சு. எனக்கோ நாலில் இதுதான் பிடித்த சீசன். ரெபெக்கா வக்கீல் வேலையை விட்டுவிட்டு பிரெட்ஸல் கடை வைக்கிறாள். தெரபிக்குப் போகிறாள், சொதப்புகிறாள், மறுபடி போகிறாள். குணமாவது என்றால் இப்படித்தான் இருக்கும். திருப்பம் திருப்பமாக வராது. அதைப் போய்க் கதையில் வேகம் இல்லை என்று மார்க் குறைத்தால் எப்படி?

மறுபடி மாத்திரை எடுக்க வேண்டும் என்றதும் ரெபெக்கா கலங்குகிறாள். இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று அவளுடைய தெரபிஸ்ட் டாக்டர் அகோபியன் ஆட்டத்தோடு பாடும் பாட்டு, அதை எழுதிய ப்ளூம், ஆடம் ஷ்லெஸிங்கர், ஜாக் டோல்ஜன் மூவருக்கும் 2019இல் எம்மி விருது வாங்கித் தந்தது. அடுத்த ஏப்ரலில் ஷ்லெஸிங்கர் கொரோனாவில் போய்விட்டார்.

முடிவு பற்றியும் விமர்சகர்கள் பிரிந்து நின்றார்கள். தான் காதலித்த மூன்று ஆண்களில் ரெபெக்கா யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்று ஒரு சீசன் முழுக்கப் பந்தயம் கட்டிவிட்டு, அவள் யாரையும் தேர்ந்தெடுக்காமல் பியானோ முன்னால் உட்கார்ந்து, தான் எழுதிய பாட்டு என்று சொல்வதோடு முடித்தால் சிலருக்கு ஏமாற்றம் வரத்தானே செய்யும். எனக்கு ஏமாற்றம் இல்லை. பாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்கவிடவில்லையே என்ற குறை மட்டும் உண்டு.

2019 ஏப்ரல் 5, கடைசி எபிசோட் வந்த அதே இரவில் ஒரு மேடைக் கச்சேரியையும் ஒளிபரப்பினார்கள். அதை இன்னும் பார்க்கவில்லை, நாளைக்கு.