மூன்று கோவெண்டர்களும் ஓர் ஓடையும்

சங்கம் தொடங்கப் போகிறவர்களுக்கு, வங்கியில் நாங்கள் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவை ஆறிவிட்டன, இது இன்னும் எரிகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையைப் பார்த்துக்கொள்ளவும், அதைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் ஒரு சங்கம் ஆரம்பித்தோம். பதிவு எண் சுலபமாகவே கிடைத்தது. இணையம் வழியாக விண்ணப்பம், ஒரு ரேண்ட்கூடக் கட்டணம் இல்லை, சான்றிதழ் வந்தது. கணக்கு திறக்க வேண்டியதுதான் பாக்கி. 1997ஆம் ஆண்டின் இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டமே, பண வரவு செலவு வங்கிக் கணக்கு மூலம்தான் நடக்க வேண்டும் என்று சங்கத்தின் விதிமுறையில் எழுதச் சொல்கிறது. எழுதிக் கொடுத்தோம். அந்தக் கணக்கைத் திறக்கத்தான் நாய்படாத பாடு பட்டோம்.

கையெழுத்துப் போடும் மூவரும் அடையாள அட்டையோடு மூன்று மாதத்துக்குள் வாங்கிய முகவரிச் சான்றும் கொண்டுவர வேண்டும் என்றார்கள். எங்கள் பொருளாளர் அக்கா, மாமனார் வாங்கிய வீட்டில் இருக்கிறார். மாமனார் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. நகராட்சியின் தண்ணீர், மின்சார பில் மட்டும் இன்னும் அவர் பெயரில் வருகிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். கவுண்டரில் இருந்தவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரை நேரில் வரச் சொல்லுங்கள் என்றார்.

"அவர் காலமாகிவிட்டார்," என்றார் அக்கா.

"அப்படியானால் அவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கொண்டுவாருங்கள்."

அக்கா ஒன்றும் பேசவில்லை. கைப்பையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி மறுபடியும் அந்த வாசலுக்கு அழைத்துப் போனதுதான் இந்தச் சங்கத்துக்கு நான் செய்த பெரிய தொண்டு.

அடுத்த முறை நகல்களில் குறை கண்டுபிடித்தார்கள். போலீஸ் நிலையத்தில் இலவசமாகச் சான்றளித்துத் தருகிறார்கள் என்று நம்பிப் போய் வாங்கி வந்திருந்தோம். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. அதற்கு அடுத்த முறை மின்வெட்டில் கணினிகள் படுத்துவிட்டன. கடைசியில் வேறோர் ஊழியர், சின்ன வயதுப் பெண், நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். இந்த முகவரியில் குடியிருக்கிறேன் என்று சத்தியம் செய்து கொடுக்கும் ஒரே ஒரு பக்கம். அது முதல் நாளிலிருந்தே அந்த இழுப்பறையில்தான் இருந்திருக்கிறது.

ஆகவே வங்கிக்குப் போனவுடன், வீடு என் பெயரில் இல்லை, அதற்கு உறுதிமொழிப் படிவம் கொடுங்கள் என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நகலில் முத்திரை, பெயர், பதவி, கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கின்றனவா என்று போலீஸ் நிலையக் கவுண்டரை விட்டு நகருமுன் பாருங்கள். கணக்கு திறக்க முடிவெடுத்த கூட்டக் குறிப்பில் அடையாள அட்டையில் உள்ள பெயர்களையே எழுதுங்கள். நம் வீடுகளில் ஒவ்வொருவருக்கும் கூப்பிடும் பெயர் ஒன்று, அட்டைப் பெயர் ஒன்று. ஊரே அறிந்த பெயரை வங்கி அறியாது.

இனி 18ஏ, அதாவது நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் வருமான வரிச் சட்டப் பிரிவு. கரையில் உண்ணிச்செடியும் குரோமோலீனா என்ற களையும் ஆள் உயரம் மண்டிக் கிடந்தன. அவற்றை வெட்டக் கருவிகள் வேண்டும், கையுறை வேண்டும். தண்ணீரில் பில்ஹார்சியா என்ற நோயைத் தரும் புழு இருக்கலாம் என்பதால் பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸ் இல்லாமல் முடியாது. இரும்புக் கடைக்காரர் ஒருவர் கணிசமாகத் தர முன்வந்தார், 18ஏ ரசீது உண்டா என்று மட்டும் கேட்டார். நியாயம்தான். அந்த ரசீது இருந்தால் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை நன்கொடைக்காகக் கழித்துக்கொள்ளலாம். பதிவுச் சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு அந்த ரசீதைத் தர முடியாது. வருமான வரித் துறையிடம் தனியாக விண்ணப்பித்துப் பொதுநல அமைப்பு என்ற ஒப்புதலும் 18ஏ அனுமதியும் வாங்க வேண்டும்.

இங்கேதான் மாமாவோடு மோதல். அம்மாவின் தம்பி, எங்கள் தலைவர், கோயில் கமிட்டி வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். சங்கத்தின் நோக்கங்களில் சமயத்தையும் தமிழையும் வளர்ப்பது முதல் வரியாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வருமான வரிச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இரண்டு பகுதிகள் உள்ளன. சமயமும் பண்பாடும் முதல் பகுதியில் மட்டும் வருகின்றன. 18ஏ கிடைப்பது இரண்டாம் பகுதியில் உள்ள பணிகளுக்குத்தான். இயற்கையைப் பாதுகாப்பதும் சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக் கல்வியும் அதில் இருக்கின்றன. இரண்டையும் கலந்தால் பணத்தைத் தனித்தனியாகக் கணக்கு வைத்து, தணிக்கைச் சான்றும் வாங்க வேண்டும். கையுறைக்கே பணம் இல்லாத சங்கம் தணிக்கையாளருக்கு எங்கே போகும்?

"அப்படியானால் இது யாருடைய சங்கம்?" என்று கேட்டுவிட்டு மாமா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அம்மா வேறு என்னைத்தான் திட்டினார். பிறகு பொருளாளர் அக்கா ஒரு வழி சொன்னார். ஆற்றங்கரைப் பூசைக்கு வருபவர்கள் பிளாஸ்டிக் தட்டையும் துணியையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிறார்கள். நாங்கள் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மாமா சொன்னால் கேட்பார்கள். அதுவும் விழிப்புணர்வுக் கல்விதானே? மாமாவின் கோபம் அதில்தான் தணிந்தது. நோக்கங்களை எழுதும்போது அட்டவணையின் சொற்களுக்கு மிக நெருக்கமாகவே எழுதினோம். உங்களுக்கும் அதையே சொல்வேன். மொழி அழகுக்கு அங்கே வேலை இல்லை.

இன்னொரு இடறல் கலைப்பு விதியில். சங்கம் கலைந்தால் மிச்சமிருப்பதை இதே நோக்கமுள்ள இன்னோர் இலாப நோக்கற்ற அமைப்புக்குத் தர வேண்டும் என்பது பதிவுச் சட்டம். வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பெறுபவரும் ஒப்புதல் பெற்ற பொதுநல அமைப்பாகவோ அரசாகவோ இருக்க வேண்டும் என்று இன்னும் இறுக்குகிறது. மாதிரி விதிமுறையில் முதலாவது மட்டும் இருந்தால் இரண்டாவதையும் ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு கூட்டம் கூட்டித் திருத்தி, திருத்தியதை மறுபடியும் பதிவுத் துறைக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

படிவங்களை நிரப்ப ஒரு கணக்கரைப் பிடித்தோம். பெயர் வேண்டாம். பணத்தைத் துல்லியமாக வாங்கிக்கொண்டார். பொறுப்பேற்பவர்களில் குறைந்தது மூவராவது ஒருவருக்கொருவர் தொடர்பற்றவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் பட்டியலைப் பார்த்தார்: கோவெண்டர், கோவெண்டர், கோவெண்டர், பிள்ளை, நாயுடு. ஒரே குடும்பத்தை வைத்துக்கொண்டு சங்கம் நடத்துகிறீர்களா என்று கேட்டார்.

பொருளாளர் அக்கா, ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர், மண்வெட்டி பிடிக்கும் இளைஞர் ஒருவர். மூவருக்கும் கோவெண்டர் என்ற குடும்பப் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்களில் எத்தனை கோவெண்டர்கள்! டர்பனிலேயே தொழில் செய்கிறவருக்கு இது தெரியாதா? அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது; கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பட்டியல் எண்ணைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால் பிள்ளையையும் நாயுடுவையும் பற்றி அவர் மூச்சே விடவில்லை. பிள்ளை நான், நாயுடு மாமா. வரிச் சட்டம் மூன்றாம் நிலை வரையிலான இரத்த உறவைத் தொடர்பாகக் கணக்கிடுகிறது: என்னிலிருந்து அம்மா, அம்மாவிலிருந்து தாத்தா, தாத்தாவிலிருந்து மாமா. சரியாக மூன்று. அத்தை மகன், சித்தப்பா மகள் எல்லாம் நான்காம் நிலை, அவர்கள் தப்பித்தார்கள். கணவன் மனைவி தப்ப முடியாது. துணைவரின் நெருங்கிய இரத்த உறவுகளும் கணக்கில் வருவார்கள். மாமன் மருமகன் உறவை நானே எடுத்துச் சொன்னேன். கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமாவும் நானும் கமிட்டியில் இருக்கத் தடையில்லை. தொடர்பற்ற மூவர் வேண்டும், அவ்வளவுதான். அந்த மூவர் அவர் சந்தேகப்பட்ட அதே மூன்று கோவெண்டர்கள். தாங்கள் உறவினர் அல்ல என்று மூவரும் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்து, விண்ணப்பம் போனது. அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை.

பள்ளிக்கூடப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. நாங்கள் மினிசாஸ் முறையைக் கற்றுக்கொடுக்கிறோம்: வலையை வைத்துக் கல்லைக் கிளறி, வந்ததை வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டி, 13 பூச்சி, புழு வகைகளில் எவை இருக்கின்றன என்று பார்த்து ஓடைக்கு மதிப்பெண் போடுவது. தட்டாம்பூச்சிக் குஞ்சு ஒன்று டப்பாவின் மூலையில் அசையாமல் இருந்துவிட்டுச் சட்டென்று பாய்ந்தபோது வகுப்பே கத்தியது. தலைமையாசிரியைக்கும் ஒரே மகிழ்ச்சி. மறுநாளே படிவம் 30 கேட்டார். பிள்ளைகளோடு வேலை செய்பவர்களின் பெயர், அந்த வேலைக்குத் தகாதவர்களைக் குறித்து வைக்கும் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் இல்லை என்ற சான்றுக்கான படிவம் அது. கேட்டது சரியே. ஆனால் சான்று வர வெகு நாள் ஆகும். பள்ளியில் பேசுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

2023 மார்ச் 1 முதல் 18ஏ ரசீதில் நன்கொடையாளரின் அடையாள எண், வரி எண் போன்ற விவரங்களும் வேண்டும். வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணத்தைக் கொடுத்தவர் பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் பதிவுத் துறைக்கு ஆண்டறிக்கை போக வேண்டும், தவறினால் பதிவே பறிபோகலாம். எங்களுக்கு பிப்ரவரியில் ஆண்டு முடிகிறது, கெடு நவம்பர் கடைசி. பொருளாளர் அக்கா அக்டோபர் என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ரப்பர் பூட்ஸ் பில்லை இன்னும் கொடுக்கவில்லை என்று என்னைத்தான் தினமும் பிடுங்கி எடுக்கிறார்.