திங்கட்கிழமை வயிற்றுவலியும் எட்டு ஐந்து பஸ்ஸும்

என் மகன் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம் ஜூலையில் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. காலை ஆறே முக்காலுக்கு ஆரம்பிக்கும். எட்டரைக்குப் பள்ளி வேன் எங்கள் தெருவைத் தாண்டிப் போனதும் குறைந்துவிடும். திங்கட்கிழமைகளில் வாந்தியும் சேர்ந்துகொள்ளும். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. நடிக்கிறான் என்றே நானும் அவன் அப்பாவும் நினைத்தோம். ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்துப் போய் வேனில் ஏற்றினேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் எப்போதும் காட்டும் குழந்தை மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஞாயித்துக்கிழமை வலிக்குமா?" யோசித்துப் பார்த்தால் ஒரு ஞாயிறுகூட வலித்ததில்லை. "அப்ப நடிக்கிறானா டாக்டர்?" என்றேன். "இல்லம்மா, வலி நிஜம். பயத்துல வர்ற வலி. பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுல காட்டுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மனநலப் பிரிவு என்றதும் மாமியார் அழுதார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கோயில் சொன்னார்கள். நாங்கள் கோயிலுக்கும் போனோம், ஜிப்மருக்கும் போனோம். ஒரே நாளில் முடிகிற விஷயம் இல்லை. பேசுவதற்கு ஒரு நாள், புத்திக்கூர்மைச் சோதனைக்கு ஒரு நாள், வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைக்கு ஒரு நாள் என்று நான்கு முறை போய் வந்தோம். பழைய நோட்டுகளையும் ரேங்க் கார்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள், ரொம்ப உதவும்.

முடிவில் தெரிந்தது இதுதான். பையனின் புத்திக்கூர்மையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாசிப்பு மூன்றாம் வகுப்பு அளவில் நிற்கிறது. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு. எட்டு வருடம் அதை மறைத்து மறைத்தே ஓட்டியிருக்கிறான். பக்கத்துப் பையன் வாசிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வானாம். ஒன்பதாவதில் தமிழ் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதும் மாட்டிக்கொண்டான். வகுப்பே சிரித்தது. வயிற்றுவலி அங்கேதான் தொடங்கியது.

பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசினோம். டிஸ்லெக்சியா அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. மாற்றுத்திறன் சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் என்று சலுகைகள் கேட்கலாம். எல்லாவற்றையும் சொன்னோம். "பேசாம டிசி வாங்கிட்டுப் போயிடுங்க, மத்த பிள்ளைங்க ரிசல்ட்டும் கெடும்" என்றார்கள். எதையும் எழுத்தில் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அது எங்கள் தவறு. நீங்கள் கோரிக்கையை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சண்டை போட்டிருக்கலாம்தான். ஆனால் அந்தக் கட்டடத்தின் பெயரைக் கேட்டாலே பிள்ளைக்குக் கை நடுங்கியது. டிசி வாங்கினோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு நானே போன் செய்தேன். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அழுது முடிக்கும்வரை அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைக்குத்தானே பிரச்சினை, நமக்கென்ன என்று பெற்றவர்கள் இருந்துவிட வேண்டாம்.

ஜிப்மரில் பழக்கமான இன்னொரு அம்மா சொல்லித்தான் பள்ளிக்குப் பதிலாகப் பிள்ளைகள் போகும், புதுச்சேரி அரியாங்குப்பம் பக்கத்துக் கற்றல் மையம் தெரிந்தது. மொத்தமே 14 பிள்ளைகள். மணி அடிப்பது கிடையாது, சீருடை கிடையாது. வாரம் ஒரு நாள் உளவியல் ஆலோசகர் வருவார், மாதம் ஒரு முறை பெற்றோரும் அவரோடு உட்கார வேண்டும். "முதல் மூணு மாசம் பாடத்தைப் பத்திக் கேக்காதீங்க" என்றார் மையத்தை நடத்தும் அக்கா. எனக்குப் பகீரென்றது. ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைக்கு இன்னும் மூன்று மாதமா?

ஆனால் அந்த மூன்று மாதம்தான் மருந்து. முதல் வாரம் கடலூரிலிருந்து பஸ் ஏறி, முள்ளோடை தாண்டி அரியாங்குப்பத்தில் இறங்கி, மையத்தின் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது மட்டுமே வேலை. அடுத்த வாரம் உள்ளே அரை மணி நேரம், நான் புங்கமரத்தடியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நான் டீக்கடையில். பிறகு கடலூர் பஸ் நிலையத்தோடு சரி. பயம் வந்தால் உடனே வீட்டுக்குத் திரும்பக் கூடாது, இருக்கிற இடத்திலேயே பத்து நிமிடம் நின்று, அது இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆலோசகர் கற்றுக்கொடுத்த இந்த ஒன்றை வீட்டில் எல்லோரும் கடைப்பிடித்தோம்.

ஐந்தாவது மாதம் பிள்ளைகளைப் பக்கத்திலிருக்கும் பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டுக்கு நடத்தியே கூட்டிப் போனார்கள். ஆற்றோரத் தோப்பு, இடிந்த செங்கல் சுவர், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியது, ரோமாபுரியோடு நடந்த வணிகம், பல்சக்கரம் உருட்டிப் புள்ளி பதித்த மண் தட்டுகள் என்று அந்த அக்கா கதையாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவன் ஓடாத கடிகாரத்தைப் பிரித்து ஒரு பல்சக்கரத்தை எடுத்தான். மறுநாள் மையத்தில் களிமண் தட்டு செய்து, ஈரம் காய்வதற்குள் அந்தச் சக்கரத்தை வட்டமாக உருட்டினான். வரிசை வரிசையாகப் புள்ளிகள். மூன்று தட்டு உடைந்தது, நான்காவது நின்றது.

அதன் பக்கத்தில் வைக்க அவனே ஒரு அட்டை எழுதினான்: 'அறிக்கமேடு தட்டு'. வல்லின ற. யாரும் சிவப்பு மையில் சுழிக்கவில்லை. அட்டை அப்படியே இருந்தது. அந்த நாட்களில் தினமும் இருபது நிமிடம் தனியாக வாசிப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மணலில் விரலால் எழுதுவது, ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதுவது, ர-ற, ன-ண ஜோடிகளைப் பிரித்துக் கேட்பது. மூன்று வாரம் கழித்து யாரும் சொல்லாமலே புது அட்டை எழுதி, பழையதன் மேல் ஒட்டினான். 'அரிக்கமேடு தட்டு'. இரண்டு அட்டையும் ஒன்றாக என் பீரோவில் இருக்கின்றன.

பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன வழி என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பதிந்திருக்கிறோம். மத்திய அரசின் கீழ் 1989இல் தொடங்கியது. 14 வயது முடிந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் போதும், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். எங்களுக்குப் பெரிய நிம்மதி தந்தது, ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம் என்பதுதான். பதிவு 5 ஆண்டு செல்லும், அதற்குள் 9 முறை தேர்வு எழுதலாம், தேறிய பாடம் தேறியதுதான். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு தேர்வு. மதிப்பெண்ணில் 20 சதவீதம் வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புக்கு. அவன் எடுத்தவை தமிழ், ஓவியம், மனை அறிவியல், அறிவியல், சமூக அறிவியல். பதியும் முன்பே, எடுக்கப் போகும் பாடத்துக்குத் தமிழ்வழிப் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். பிற்பாடு சேர நினைக்கும் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ நேரில் போய் விசாரித்தும் வையுங்கள். மாற்றுத்திறன் சான்றிதழைப் பதியும்போதே இணைத்துவிட்டால் கூடுதல் நேரம் கேட்பது சுலபம்.

இந்த ஏப்ரலில் ஓவியமும் மனை அறிவியலும் எழுதித் தேறினான். அக்டோபரில் தமிழ். எழுத ஆள் வேண்டாம், கூடுதல் நேரம் மட்டும் போதும் என்று அவனே சொல்லிவிட்டான்.

வயிற்றுவலி முழுக்கப் போய்விடவில்லை. போன திங்கட்கிழமையும் வந்தது. எட்டு ஐந்து பஸ்ஸை விட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்தபடி பத்து நிமிடம் பார்த்தான். நானும் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம், "அடுத்த பஸ்ல போறேம்மா" என்று எழுந்து செருப்பைப் போட்டான்.