90ல ஸ்டியரிங் ஆட்டம், கடைசில மாட்டுனது ஹப் ரிங்கு

நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு மேல வண்டிய எடுத்துட்டு பொள்ளாச்சில இருந்து கோயமுத்தூர் போயி அப்படியே திரும்பி வந்தேனுங்க. வேகம் 80, 85, 90, 95 கிமீ. ஸ்டியரிங்ல ஒரு வெரல மட்டும் வச்சுப் பாத்தேன், ஆட்டமே இல்ல. அஞ்சு வாரமா கிணத்துக்கடவு தாண்டி ரோடு காலியானதும் 85ல லேசா ஆரம்பிச்சு 92ல கையெல்லாம் நடுங்கி, நடுக் கண்ணாடில பின்னாடி வர்ற வண்டியோட லைட்டு ரெண்டு நாலாத் தெரிஞ்சு, 100 தாண்டுனா ஒண்ணுமே நடக்காத மாதிரி தானா அடங்கிரும். அந்த அஞ்சு வாரத்துல நான் சந்தேகப்படாத பார்ட்டே இல்ல. கடைசில பாத்தா கைக்குள்ள அடங்கற ஒரு அலுமினிய வளையம், அதான் ஹப் ரிங்கு, சக்கரத்தோட நடு ஓட்டைக்கும் அது மாட்டற ஹப்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய அடைக்கறது, அதுலயும் கால் எம்எம்முக்கும் கம்மியான கோளாறு. கடுப்புலயும் சந்தோசத்துலயும் எழுதறேன், நீளமாப் போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

வண்டி 2014 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. போலோவெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரான்னு கேக்கறவங்க கேட்டுட்டு போங்க, 105 குதிரையும் 175 நியூட்டன்மீட்டரும் கீழ்சுத்துலயே கெடைக்கற சின்ன வண்டி எனக்குப் போதும். வாங்குன புதுசுல எல்லாத்தையும் போல நானும் வண்டிய எறக்கற குட்டை லோயரிங் ஸ்ப்ரிங் மட்டும் போட்டு, டேம்பர், அதான் ஷாக் அப்சார்பர், வண்டியோட வந்த ஸ்டாக்லயே ஓட்டுனேன். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு அந்த 40 கொண்டை ஊசியும் ஏறி எறங்கறப்ப சஸ்பென்ஷன் முழுசா அமுங்கி பம்ப் ஸ்டாப் ரப்பர்ல டக்கு டக்குன்னு உக்காரும், 11,000 கிமீல பின்னாடி ரெண்டு டேம்பரும் எண்ணெய் வடிஞ்சு ஈரமாயிருச்சு. ஸ்டாக் டேம்பருக்கு குட்டை ஸ்ப்ரிங்க குடுத்தா அது எந்நேரமும் பாதி அமுங்குன நெலமைலயே வேல செய்யுது, அப்புறம் சாகாம என்ன பண்ணும்.

ரெண்டாவது தடவை அந்தத் தப்பு வேண்டாம்னு பில்ஸ்டீன் பி8 டேம்பர் வாங்கி அய்பாக் ப்ரோ கிட் ஸ்ப்ரிங்கோட போடலாமா, இல்ல ஸ்ப்ரிங்கும் டேம்பரும் ஒரே செட்டா வந்து ஒசரத்த மாத்திக்கற காயில்ஓவருக்கே நேரா போயிறலாமான்னு ரெண்டு மாசம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். பி6 ஸ்டாக் ஒசரத்துக்கு, பி8தான் குட்டை ஸ்ப்ரிங்குக்கு, இது தெரியாம பி6 வாங்கி மாட்டிட்டு முழிக்கற ஆளுக இன்னும் இருக்காங்க. காயில்ஓவர்ல கேடபிள்யூ வி1ஆ பில்ஸ்டீன் பி14ஆன்னு வந்து நின்னுச்சு. ரெண்டுலயும் ஒசரம் மட்டும்தான் மாத்தலாம், டேம்பரோட இறுக்கத்த மாத்த முடியாது. எனக்கு அது போதும்ங்க, நாப் குடுத்தா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் திருகிட்டே இருப்பேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும். பி14 கெடைச்சுது, எடுத்தேன். கஸ்டம்ஸ்ல கட்டுன காச எங்கய்யன்கிட்ட இன்னும் சொல்லல.

ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன், கிட் டப்பால போட்டிருக்கற எம்எம்ம அப்படியே நம்பாதீங்க. அது ஐரோப்பா ஒசரத்துல இருந்து கணக்கு. இங்க வித்த போலோவ கம்பெனியே நம்ம ரோட்டுக்காக ஒசத்தித்தான் குடுத்தான். அதனால காயில்ஓவர் மரைய மேல வரைக்கும் ஏத்தி வச்சாலே நல்லா எறங்கி நிக்கும். ஹப் நடுவுல இருந்து ஃபெண்டர் லிப், அதான் சக்கரத்துக்கு மேல இருக்கற தகர விளிம்பு, வரைக்கும் முன்னாடி 348 எம்எம், பின்னாடி 352ன்னு இப்ப வச்சிருக்கறேன். எங்க தோப்புக்குப் போற வழில பிஏபி (பரம்பிக்குளம் ஆழியார்) வாய்க்கா மேல ஒரு பாலம், அதுல நேரா ஏறுனா வயிறு தட்டும், கோணையா ஒவ்வொரு சக்கரமா ஏத்தி எறக்கோணும். எங்கய்யன் மொத நாளு பாத்துட்டு "ஏஞ்சாமி, சினை மாடாட்டம் வயிறு தரைய முட்டுது, காசு குடுத்தா இதச் செஞ்ச?"ன்னாரு. கழட்டி மாட்டுன வேலையச் சொன்னா நீளமாப் போகும், விட்டர்றேன்.

இப்ப வீலு. ஸ்டாக் 6ஜே 15, ஈடி 40, அதாவது ரிம் அகலம் 6 இஞ்ச், விட்டம் 15 இஞ்ச், ஹப்புல உக்கார்ற முகம் ரிம்மோட நடுவுல இருந்து 40 எம்எம் வெளிய. டயர் 185/60, அகலம் 185 எம்எம், சைடுவால் ஒசரம் அதுல 60 சதவீதம். டயர் விட்டம் கிட்டத்தட்ட 603 எம்எம். 17ல 215/40 போட்டா விட்டம் 604, அச்சு அசலாப் பொருந்தும், ஆனா சைடுவால் 86 எம்எம்தான், தறிக்கு பாவு நூலு ஏத்திட்டுப் போற டெம்போக்க பின்னாடி பல்லடம் ரோட்டுல ஒரு மழைக்காலம் ஓட்டுனா ரிம்மு முட்டை மாதிரி ஆயிரும். அதனால 16 போதும்னு முடிவு. 16ல இங்க சுளுவாக் கெடைக்கறது 195/55, ஆனா அது 621, எறக்குன வண்டிக்கு 18 எம்எம் பெருசு. 205/45 போட்டா 591, சின்னதா இருக்கும். 195/50 போட்டா 601. காத்திருந்து அதையே வாங்கினேன். வீலு 7ஜே ஈடி 38. ஸ்டாக்க விட வெளிய 14.7 எம்எம் தள்ளி நிக்குது, உள்ள 10.7. 7.5ஜே ஈடி 35ம் பாத்தேன், வெளிய 24 எம்எம் வருது, பின்னாடி ஆளு உக்காந்தா கண்டிப்பா லிப்ல அறுக்கும், வேண்டாம்னுட்டேன். வெயிட்டு எங்க தேங்கா மண்டி தராசுலயே போட்டுப் பாத்தேன், ஸ்டாக் அலாய் 7.9, புதுசு 8.4. ஒரு இஞ்ச் பெருசுக்கு அரைக் கிலோ, பரவால்ல.

வீல் வந்த அன்னிக்கே டயர் கடைல ஒரு சம்பவம். போலோ போல்ட்டு எம்14, ஒக்கார்ற எடம் உருண்டையா இருக்கும். வெளிய வாங்கற வீல்ல பெரும்பாலும் கூம்பு. உருண்ட போல்ட்ட கூம்பு ஓட்டைல போட்டா ஒரு மெல்லிசு வளையக் கோட்டுல மட்டும்தான் தொடும், டைட் ஆன மாதிரியே தெரியும், ஓட்ட ஓட்ட லூசாயிரும். கூம்பு போல்ட்டு புதுசா வாங்கி கைலயே குடுத்திருந்தேன், டீ குடிக்க அக்கட்டால போயிட்டு வர்றதுக்குள்ள பையன் பழைய போல்ட்டையே போட்டு ஏர் கன்ன வச்சு டர்ர்ருன்னு முடுக்கிட்டான். கழட்ட வச்சு, புதுசு போட்டு, கைல ஏழெட்டு சுத்து உள்ள போகுதான்னு எண்ணிப் பாத்து, டார்க் ரென்ச்ல 120 நியூட்டன்மீட்டர் வச்சேன். அந்தக் கடைக்காரரு என்னப் பாத்த பார்வ இருக்கே.

ஆனா ஆட்டத்துக்குக் காரணம் அதுவும் இல்ல.

புது வீலோட நடு ஓட்டை 73.1, போலோ ஹப் 57.1. நடுவுல ரிங்கு வேணும். வித்தவங்க ரிங்கு குடுக்கல, "போல்ட்டே சென்டர் பண்ணிக்கும்"னு சொல்லிட்டாங்க. ஆன்லைன்ல வந்த பிளாஸ்டிக் ரிங்கு ஹப்புல லொடலொடன்னு ஆடுச்சு. நம்மூர்லதான் தெருவுக்கு ஒரு லேத் இருக்குதே, கடைஞ்சுக்கலாம்னு கோயமுத்தூர் கணபதில தெரிஞ்ச ஒரு அண்ணங்கிட்ட போனேன். மோனோபிளாக் பம்புக்கு புஷ்ஷும் ஷாஃப்டும் கடையற பட்டறை. அன்னிக்கு அண்ணன் இல்ல, பையன்தான் இருந்தான். 80 எம்எம் ரவுண்டு அலுமினிய பார் வாங்கிக் குடுத்தேன், சாயந்தரம் நாலு ரிங்கு பளபளன்னு வந்துச்சு. வெர்னியர வச்சேன், உள்ள 57.1, வெளிய 73.0. இதவிட என்ன வேணும்னு வந்துட்டேன்.

மாட்டுன மொத நாளே ஆட்டம். டயர் கடைல பேலன்ஸ் பண்ணினேன், மெஷின்ல சைபர் காட்டுது. வேற கடைல மறுபடி, அங்கயும் சைபர். டயர ரிம்முல அரைச் சுத்து திருப்பிப் போட்டேன். அலைன்மென்ட் பாத்தேன், அது ஆட்டத்துக்கு சம்பந்தமே இல்லன்னு தெரிஞ்சும் பாத்தேன். ஒரு பெரியவரு, வண்டிய எறக்குனதால டிரைவ் ஷாஃப்ட் கோணம் போச்சுன்னாரு, முன்னாடி 10 எம்எம் ஏத்திப் பாத்தேன், அதே 92. காயில்ஓவர் டாப் மவுன்ட் பேரிங்க ரெண்டு தடவ கழட்டி மாட்டினேன். பழைய ஸ்டாக் வீல மாட்டி ஒரு ரவுண்டு போயிருந்தா அரை மணி நேரத்துல தெரிஞ்சிருக்கும், ஆனா அத என்ற மாமன் பையன் அவன் போலோவுக்கு "ரெண்டு நாளைக்கு"ன்னு வாங்கிட்டுப் போயிருந்தான். நாலாவது வாரம் அவன் வீட்டுக்கே போயி புடுங்கிட்டு வந்து மாட்டினேன். ஆட்டம் சுத்தமா இல்ல. அப்ப காயில்ஓவர் மேல தப்பில்ல, வீல் பக்கம்தான்.

அண்ணங்கிட்டயே மேக்னெட் ஸ்டேண்டோட டயல் கேஜ், சுத்தறப்ப எவ்வளவு ஆடுதுன்னு முள்ளு காட்டற கருவி, கடனா வாங்கிட்டு வந்தேன். வண்டிய ஸ்டேண்டுல ஏத்தி, மொதல்ல ஹப்புல வச்சுச் சுத்துனேன், முள்ளு ரெண்டு மூணு சென்டிதான் ஆடுது, அதாவது 0.03 எம்எம். அப்புறம் புது வீல மாட்டி உள்பக்க ரிம் லிப்ல வச்சுச் சுத்துனா 0.42. மேடு வர்ற எடத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டேன். வீலக் கழட்டி, வீலையும் ஹப்பையும் அதே எடத்துல வச்சுக்கிட்டு, ரிங்க மட்டும் அரைச் சுத்து திருப்பி மறுபடி மாட்டினேன். மேடு சாக்பீஸ் கோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் போயிருச்சு. அப்பத்தான் உறைச்சுது. ரிங்கோட சுவர் கனத்த அளந்தேன். 73.0ல இருந்து 57.1 போனா மிச்சம் பக்கத்துக்கு 7.95 வரோணும். ஒரு பக்கம் 7.80, எதிர்ப்பக்கம் 8.10. உள்ளளவும் சரி, வெளியளவும் சரி, ஆனா ரெண்டு வட்டத்துக்கும் நடுப்புள்ளி ஒண்ணு இல்ல. டயர் கடை மெஷின் வீல அதோட நடு ஓட்டைய வச்சுப் புடிக்குது, அதனாலதான் அங்க சைபரு. வண்டில ரிங்கு வழியா மாட்டறப்ப மொத்த வீலும் 0.15 தள்ளி உக்காருது. ரிங்கு டைட்டா இருக்கறதால கூம்பு போல்ட்டாலயும் இழுத்து நடுவுக்குக் கொண்டுவர முடியல. ரிங்கே இல்லாம இருந்திருந்தாக் கூட இதவிட நல்லா இருந்திருக்கும் போல!

ரிங்க எடுத்துட்டு பட்டறைக்குப் போனேன். "ங்ணா, இது சென்டர் போயிருக்குதுங்ணா"ன்னேன். "தம்பி, எத்தன வருசமா புஷ் கடையறோம்"னு சிரிச்சாரு. சுவர அளந்து பாருங்கன்னு குடுத்தேன். மைக்ரோமீட்டர எடுத்து நாலு எடத்துல வச்சாரு, மறுபடி நாலு எடத்துல வச்சாரு, ஒண்ணும் பேசல. பையனக் கூப்புட்டு, "வெளிய கடைஞ்சு அறுத்துட்டு, திருப்பிப் புடிச்சுத்தானே உள்ள போரிங் போட்ட?"ன்னு கேட்டாரு. அவன் தலையாட்டினான். அவ்வளவுதான் கதை. லேத்துல பாரப் புடிக்கற மூணு ஜா சக்குல ஒரு தடவ வுட்டுட்டு மறுபடி புடிச்சா அது அதே சென்டருக்கு வராது, பழைய சக்குன்னா கேக்கவே வேண்டாம். பம்பு புஷ்ஷுக்கு இந்த வித்தியாசம் ஓடிரும், ரோட்டுல 90ல சுத்தற வீலுக்கு ஓடாது.

இந்த தடவ அண்ணனே நின்னாரு. பார புடிச்சு முகம் எடுத்து, ட்ரில் போட்டு, போரிங் பார்ல 57.12, அதே புடியில வெளிய 73.05, எல்லாம் முடிஞ்ச பொறவுதான் பார்ட்டிங் டூல்ல அறுத்தாரு. ஒவ்வொரு ரிங்குக்கும் பார வெளிய இழுத்து மறுபடி மொதல்ல இருந்து. உள் விளிம்புல 1.5 எம்எம் சாம்ஃபர், அதான் முனைய சரிவா சீவறது, கேட்டேன், ஏன்னா ஹப்பு அடில ஒரு வளைவு இருக்கும், சாம்ஃபர் இல்லேன்னா ரிங்கு அதுல ஏறி நின்னுக்கும், வீல் தட்டையா உக்காராது. நீங்களும் கடைஞ்சா அத மறக்காதீங்க. நாலு ரிங்கும் சுவர் அளவு 7.96, 7.97க்குள்ள. காசு கேட்டதுக்கு "போங்க சாமி, போயி ஓட்டிப் பாத்துட்டு ஃபோன் பண்ணுங்க"ன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்புனாரு. ஹப்புல காப்பர் கிரீஸ் மெல்லிசாத் தடவித்தான் மாட்டினேன், இரும்பும் அலுமினியமும் ஒண்ணா மழைல நனைஞ்சா புடிச்சுக்கும், அப்புறம் சுத்தியல்ல அடிச்சாத்தான் வரும். டயல் இப்ப 0.08 காட்டுது.

அந்த அண்ணன் பட்டறைல நிக்கறப்ப ஃபார்முலா மாருதி பத்தி பேச்சு வந்துச்சு. மாருதி 800 எஞ்சின வச்சு கரிவர்தன் இந்த ஊர்லயே ரேஸ் கார் கட்டுனவரு, செட்டிபாளையம் டிராக்குக்கு அவரு பேருதான். அங்க ஒரு டிராக் டே போகோணும்னு ரொம்ப நாளா ஆசை, அதுக்கு முன்னாடி பிரேக் பேடும் ஆயிலும் மாத்தோணும், பேடு வாங்க ஆளு விசாரிச்சுட்டு இருக்கறேன், யாராவது நல்ல எடம் தெரிஞ்சா சொல்லுங்க. ஆங், இன்னொண்ணு, வண்டிய இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்கற மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவையும் 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொன்னதையும் வச்சு எனக்கு கிளாஸ் எடுக்க வேண்டாம், படிச்சுட்டுத்தான் இருக்கறேன், அதனாலதான் டயர் விட்டத்த ஸ்டாக்குக்கு ஒட்டியே வச்சிருக்கறதும், ஸ்டாக் பார்ட் ஒண்ணக் கூட விக்காம வச்சிருக்கறதும்.

இன்னும் முடியாத வேல ஒண்ணு பாக்கி. பின்சீட்ல மூணு பேரு ஏறுனா வலது பின்சக்கரம் ஃபெண்டர் லைனர் ஸ்க்ரூ தலைல சர்ருன்னு உரசுது. இடது பக்கம் இல்ல, வலது மட்டும். பின்சக்கரம் ரெண்டையும் இணைக்கற டார்ஷன் பீம் நடுவுல இருந்து ரெண்டு எம்எம் அந்தப் பக்கம் தள்ளி நிக்குதோன்னு சந்தேகம், தூக்குக்குண்டு கட்டித்தான் பாக்கோணும். ஸ்க்ரூவ எடுத்துட்டு தட்டை கிளிப் போடறதா, இல்ல பின்னாடி 5 எம்எம் ஏத்தறதான்னு இன்னும் முடிவு பண்ணல. அதுக்குள்ள வர்ற வெள்ளிக்கிழமை தாராபுரத்துல ஒரு சீரு, அம்மா, அத்தை, அம்முச்சி மூணு பேரும் பின்னாடி. அதனால இந்த வாரம் ஸ்டாக் வீல்தான். டெஸ்ட் முடிஞ்சதும் மறுபடி மாமன் பையன்கிட்டயே குடுத்துத் தொலைச்சேன், காலைல இருந்து ஃபோன் அடிக்கறேன், எடுக்கவே மாட்டேங்கறான்.