மாமனாரோடு மிலானுக்குப் பை வாங்கப் போன கதை

கல்யாணப் பந்தியில் ஒரு கைப்பை தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் நாத்தனாரின் பை. கீழே வைத்தால் அழுக்காகிவிடும், மடியில் வைத்தால் ரசம் சிந்திவிடும் என்று பக்கத்து நாற்காலியில் வைத்திருந்தார். பந்தி விசாரிக்க வந்த பெரியவர் "இங்க யாரும்மா?" என்று கேட்டதற்கு, "என் பை இருக்குங்க" என்று பதில். இடம் கிடைக்காமல் நாலு பேர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. பையின் மேலிருந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

என் பையிலும் எழுத்துகள் உண்டு. கம்மல் மாற்றியபோது நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. கடையின் பேரும் நாலு கிளைகளின் போன் நம்பரும் பளிச்சென்று இருக்கும். அது மேசைக்கு அடியில், யாரோ ஒருவருடைய செருப்பின் மேல் சாய்ந்து கிடந்தது.

அன்றைக்குத்தான் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் சேர்ந்தேன். வீட்டில் கேட்டால் மிக்ஸி, பீரோ என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். தள்ளி எடுத்ததில் கைக்கு வந்தது 87,000. அதே சமயம் மிலானில் வேலை பார்க்கும் கொழுந்தனார், "அண்ணி, எல்லாரும் வந்து பத்து நாள் இருங்க" என்று டிக்கெட்டே போட்டு அனுப்பிவிட்டார். மாமியார், "குளிர்ல எனக்கு முட்டி வலிக்கும், நான் வரல. உங்க மாமாவைக் கூட்டிட்டுப் போங்க, நானும் பத்து நாள் நிம்மதியா இருக்கேன்" என்றார்.

மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் 38 வருஷம் செலக்‌ஷன் வேலை பார்த்தவர். அதாவது பதனிட்டு வருகிற தோல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தடவி, மடித்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று அடுக்குவது. மாட்டை முள்வேலி கீறியிருந்தால் தெரியும். உண்ணி கடித்திருந்தால் தெரியும். முதுகுப் பக்கத் தோல் கெட்டியாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கும். ஒரு பெல்ட்டைத் தொட்டு அது மாட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். கல்யாண வீடுகளில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டில் எல்லோரும் போடுவது செகண்ட்ஸ். ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ போக வேண்டிய ஷூவில் எங்காவது ஒரு தையல் தவறியிருக்கும், அல்லது இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறத்தில் ஒரு நூல் வித்தியாசம் இருக்கும். அதை ஆம்பூரில் கால் விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நம் கண்ணுக்குக் குறையே தெரியாது. ஆனால் மாமா விடமாட்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மகனின் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லி, "இதோ பாருங்க, இங்க ஒரு உண்ணிக் கடி. அதான் ஒதுக்கிட்டான்" என்று விளக்குவார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே எனக்கு அந்தக் காலைக் காட்டினார். மாப்பிள்ளையும் செகண்ட்ஸோ என்று என் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது தனிக்கதை.

நாத்தனார் ஏன் அந்தப் பையை அப்பாவின் கைக்கு எட்டாத தூரத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தார் என்பது எனக்கு மிலானில்தான் புரிந்தது.

கிளம்புவதற்கு முன்னால், விலையைத் தெரிந்துகொள்ளலாம் என்று சென்னையில் ஒரு பெரிய மாலுக்குப் போனோம். கடைக்குள் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஏசி பழனி மலை உச்சியில் மார்கழி மாதம் போல அடித்தது. தட்டில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மாமா மூன்று தம்ளர் குடித்துவிட்டு, "பாத்ரூம் எங்கம்மா?" என்று கேட்டார். அங்கே அவ்வளவுதான் நடந்தது. இறக்குமதித் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேருவதால் இங்கே விலை கூடத்தான் இருக்கும், ஐரோப்பாவில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மிலானில் முதல் நாளே கொழுந்தனார் கல்லேரியா விட்டோரியோ இமானுவேலேவுக்குக் கூட்டிப் போனார். 1877-இல் கட்டி முடித்த, கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெரு. திருமலை நாயக்கர் மகால் தூண்களுக்கு நடுவே கடை போட்டு, மேலே கண்ணாடி வேய்ந்தால் எப்படி இருக்கும், ஏறக்குறைய அப்படி. பிராடா கம்பெனியின் முதல் கடை 1913-இல் இங்கேதான் ஆரம்பித்ததாம். அப்போது தோல் பெட்டிகளும் பைகளும் விற்றார்களாம். மாமா பயபக்தியோடு நின்றார். பிற்பாடு அவர்களுக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்ததில் ஒன்று நைலான் பை என்று கொழுந்தனார் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "நைலானா? மாவு மில்லுக்கு எடுத்துட்டுப் போறதா?" 2025 ஜூனில் இதே கம்பெனி மிலான் மேடையில் நம் கோலாப்பூர் செருப்பைப் போலவே ஒன்றைக் காட்டி, ஊர் முழுக்கப் பேச்சாகி, அப்புறம் இந்தியச் செருப்பைப் பார்த்துத்தான் செய்தோம் என்று ஒப்புக்கொண்ட கதையையும் சொன்னார். மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கோயில் வாசல்ல தொலைஞ்சதெல்லாம் இங்கதான் வருதா?" என்றார்.

அந்தக் கடைத்தெருவின் நடுவில், தரையில் பதித்த ஒரு காளை மாடு இருக்கிறது. டூரின் நகரத்தின் சின்னம். அதன் மேல், சொல்லக் கூசுகிற ஒரு இடத்தில், குதிகாலை ஊன்றி மூன்று சுற்றுச் சுற்றினால் அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை. சுற்றிச் சுற்றி அந்த இடத்தில் குழியே விழுந்துவிட்டது. சம்பளம் முழுவதையும் காலில் போட்டிருந்த பெண்கள் வரிசையாக வந்து சுற்றினார்கள். எங்கள் வீட்டுக்காரரும் ஒரு சுற்றுக்குத் தயாரானார்.

"டேய், இறங்குடா! ஹீல் என்னத்துக்கு ஆகும்?" மாமாவின் சத்தத்துக்குக் கூட்டமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் குழிக்குள் எட்டிப் பார்த்து, "பாவம், வாயில்லா ஜீவன்" என்றார்.

சரி, பைக் கடை. பேர் வேண்டாம், உங்களுக்கே தெரிந்திருக்கும். வாசலில் கயிறு கட்டி வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். ஒருவர் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே. "ரேஷன் கடை மாதிரி இருக்கே, பாமாயில் வந்திருக்கா?" என்று மாமா கேட்டார். அரை மணி நேரம் கழித்து உள்ளே போனோம். கறுப்பு கோட்டு போட்ட ஒரு பெண், கையுறை மாட்டிக்கொண்டு, நெக்லஸ் காட்டுவதுபோல ஒரு தட்டில் பையைக் கொண்டுவந்து வைத்தாள். அதேதான். நாற்காலியில் உட்கார்ந்த அதே ஜாதி. 1,500 யூரோவுக்கு மேல். என் சீட்டுப் பணத்துக்கு அதில் பாதி வரும் என்று மனம் கணக்குப் போட்டது. இருந்தாலும் தொட்டுப் பார்க்கக் காசு கேட்கமாட்டார்களே.

மாமா முதலில் தட்டைத் தடவினார். "தட்டு நல்ல தோல்." அப்புறம் பையைக் கையில் எடுத்தார். அந்தப் பெண் கையுறை போட்ட கையை நீட்டுவதற்குள், மேல்பக்கத்தைக் கிள்ளி மடித்துச் சுருக்கம் விழுகிறதா என்று பார்த்தாயிற்று. மூக்கருகில் கொண்டுபோய் ஒரு இழு இழுத்தார். உள்ளே கையை விட்டு, தையல் ஓரத்தில் வெட்டு வாயை நகத்தால் நெருடினார். ஆளை அடித்து உண்மையை வாங்குகிற போலீஸ்காரர் போல ஒவ்வொரு மூலையாக விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெக்ஸின்மா."

"மாமா, மெதுவா."

"இவங்களுக்குத் தமிழ் தெரியாதும்மா."

"ரெக்ஸின் தமிழ் இல்ல மாமா."

அந்தப் பெண் சிரித்தபடி, "கேன்வாஸ், சார்" என்றாள். என் வீட்டுக்காரர் போனில் தேடிப் படித்தார். உதாரணத்துக்கு லூயி வுய்ட்டன்: 1854-இல் பாரிஸில் பயணப் பெட்டி செய்து ஆரம்பித்த கடை. ஆளாளுக்குப் பார்த்துப் போலி செய்தார்கள் என்று 1896-இல் மகன் ஜார்ஜ், எழுத்தும் பூவும் போட்ட துணியைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அந்தப் பழுப்புப் பைகள் பருத்தி கேன்வாஸ்மேல் பிளாஸ்டிக் பூச்சுதான். தண்ணீர் இறங்காது, தோலைவிட எடை குறைவு, வருஷக்கணக்கில் உழைக்கும். ஆக அந்தப் பெண் சொன்னதும் சரி, மாமா சொன்னதும் ரொம்பத் தப்பில்லை. போலியைத் தடுக்கப் போட்ட எழுத்துதான் இன்றைக்கு உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படுகிற எழுத்துகளில் ஒன்று என்பதை நினைத்தால் ஜார்ஜ் மேல் எனக்குப் பாவமாக இருக்கிறது.

மாமா இன்னும் பையைக் கீழே வைக்கவில்லை. கைப்பிடியைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார். "இது தோல். பட்டை போட்டுப் பதனிட்ட தோல். முதல் தரம். கைப்பிடியை மட்டும் தனியாத் தருவாங்களான்னு கேளு."

நான் கேட்கவில்லை. கொழுந்தனார் கேட்டுத் தொலைத்தார். அந்தப் பெண் பையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை.

வெளியே வந்தால், நடைபாதையில் ஒரு ஆள் போர்வை விரித்து அதே பையை வைத்திருந்தான். போர்வையின் நாலு மூலையிலும் கயிறு; போலீஸ் தலை தெரிந்தால் ஒரே சுண்டு, மூட்டையாகிவிடும். விலை 30 யூரோ. மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிள்ளினார். "இதுவும் ரெக்ஸின். அங்க 1,500, இங்க 30. அம்மாடி, ரெண்டு வாங்கிக்கோ, நாத்தனாருக்கும் ஒண்ணு." கொழுந்தனார் பதறிப்போய் அவரைக் கையைப் பிடித்துத் தூக்கினார். இத்தாலியில் போலிப் பொருள் விற்கிறவன் மட்டுமல்ல, வாங்குகிறவரும் மாட்டுவார். 300 யூரோவிலிருந்து 7,000 யூரோ வரை அபராதம். "அப்படின்னா ஒரிஜினலே தேவலையே" என்றார் மாமா.

கடைசியில் பை வாங்கியது ஃபுளோரன்ஸில். மிலானிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கே சாந்தா குரோச்சே தேவாலயத்தை ஒட்டி ஒரு தோல் பள்ளிக்கூடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லித்தர, பாதிரியார்களும் தோல் தொழில் குடும்பங்களும் சேர்ந்து 1950-இல் ஆரம்பித்தது. சாமியார்கள் படுத்துத் தூங்கிய கூடத்தில் பட்டறை. மைக்கேலாஞ்சலோவின் சமாதி அதே தேவாலயத்தில் இருக்கிறது. மாமா அதை ஒரு நிமிஷம் பார்த்தார், பட்டறையில் ஒன்றரை மணி நேரம் நின்றார்.

அப்புறம் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடை. கிட்டத்தட்ட மாமா வயதுள்ள ஒருவர் முன்னால் லெதர் கவசம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பலகைமேல் தேன் நிறத்தில் ஒரு பை. எழுத்து கிடையாது, பூ கிடையாது, ஒரு பித்தளைக் கொக்கி மட்டும். மாமா எடுத்து மோந்து பார்த்தார். வழக்கமாக உடனே தீர்ப்பு வரும். வரவில்லை. மறுபடி மோந்தார்.

"நப்பா?" என்று கேட்டார். மெத்தென்று இருக்கிற, பெரும்பாலும் குரோமில் பதனிடுகிற தோலுக்கு அந்தப் பேர்.

கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நோ நப்பா! வெஜெட்டாலே!"

"சைவம்கிறாரே" என்றார் மாமா. "மாட்டுத் தோல் எப்படிடா சைவம் ஆகும்?"

கடைக்காரர் அலமாரியைத் திறந்து, ஒரு டப்பாவிலிருந்து பழுப்புத் தூளைக் கொட்டிக் காட்டினார். "மிமோசா." மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாட்டில் மரப்பட்டைச் சாரத்துக்கு மிமோசா என்றும் பேர். இவர் கம்பெனிக்கு அந்தப் பேர் அச்சடித்த மூட்டைகள்தான் வருமாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் போய், அப்புறம் வாட்டில் வந்து, அப்புறம் குரோம் என்கிற ரசாயன உப்பு வந்து, பட்டை வாசனையை முகர்ந்தே வருஷக்கணக்காகிவிட்டதாம். அதற்கப்புறம் இரண்டு கிழவர்களும் பேசிக்கொண்டார்கள். இவர் தமிழில், அவர் இத்தாலியனில். மடித்துக் காட்டுவார் ஒருவர், தலையாட்டுவார் இன்னொருவர். முக்கால் மணி நேரம். எனக்குக் கால் வலி. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

விலை 260 யூரோ. மாமா கையைத் துண்டால் மூடிக்கொண்டு விரல் பிடித்து பேரம் பேசுகிற பழைய மாட்டுச் சந்தை முறையில் இறங்கியிருப்பார், துண்டு இல்லாததால் தப்பித்தோம். 240-க்கு முடிந்தது. கூடவே மாமாவுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டுத் துண்டு இனாம். விமானத்தில் சாப்பாடு வந்தபோதுகூட அதை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்து சீட் அம்மா ஏர்ஹோஸ்டஸைக் கூப்பிட்டு, அவருக்கு மூச்சுத் திணறலா என்று விசாரித்தார்.

ஆங், வரி திரும்பக் கிடைக்கும் சமாச்சாரம். 70 யூரோவுக்கு மேல் வாங்கினால், ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே வசிக்கிறவர்களுக்கு உண்டு. ஏர்போர்ட்டில் பொருளைக் காட்டு என்றால் காட்ட வேண்டும். நான் பையைப் பட்டுப்புடவைக்குள் சுற்றி, அதைப் பெட்டிக்கு அடியில் வைத்து, மேலே மீதி ஊறுகாய் ஜாடியை வைத்திருந்தேன். காட்டு என்றார்கள். கமிஷன் போக 29 யூரோ வந்தது. நாலு காபியிலும் நாலு சாண்ட்விச்சிலும் அங்கேயே தீர்ந்தது.

ஊருக்கு வந்த மறுவாரம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பையை மாட்டிக்கொண்டு போனேன். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு சித்தி மட்டும், "காதி கடையா?" என்றார். நாத்தனார் தன் பையோடு இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்து பையை மேசைமேல் வைத்தேன். மாமா எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். திடீரென்று, லாட்டரி விழுந்தவர் மாதிரி மாமியாரைக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வா! இதோ பார், கொக்கிக்குக் கீழ. உண்ணிக் கடி! இத்தாலிக்காரன் நமக்கு செகண்ட்ஸைத் தள்ளிட்டான்!"

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் என் பை கூடத்துக்கு வந்துவிடுகிறது. காபி வருவதற்குள் அதைக் கவிழ்த்து, கொக்கிக்குக் கீழே கடுகு அளவில் இருக்கிற அந்தப் புள்ளியைக் காட்டி விடுகிறார். வெளியே எங்காவது கிளம்பும்போது, "மாமா, பையைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறேன்.