நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?

எங்க கம்பெனி ஒரு தப்புல மாட்டி அமெரிக்க அரசாங்கத்தோட அக்ரிமெண்ட் போட்டுச்சு, அதுபடி நாங்க ஒழுங்கா நடக்கறோமான்னு பாக்க மானிட்டர்னு வெளியில இருந்து ஒரு டீம் வந்துச்சு. நான் அப்ப கம்ப்ளையன்ஸ்ல, அதாவது கம்பெனி சட்டப்படி நடக்குதான்னு பாக்கற டீம்ல. மானிட்டர் டீம் என்கிட்ட கேள்வி கேட்ட அந்த இண்டர்வியூ மொத்தம் ஒண்ணரை மணி நேரம், அதுல கடைசி ரெண்டு நிமிஷம் தவிர மத்ததெல்லாம் நான் நல்லாத்தான் பண்ணேன், அத மட்டும் முதல்லயே சொல்லிடறேன். ட்ரெய்னிங் எத்தன பேர் முடிச்சாங்க, ஹாட்லைன்ல வர்ற புகார் யார்கிட்ட போகும், புது ஏஜெண்ட் ஒருத்தர சேர்க்கறதுக்கு முன்னாடி என்னென்ன பேப்பர் வாங்கறோம், எல்லாத்துக்கும் டக் டக்னு பதில். மானிட்டர் டீம்ல இருந்து வந்த அந்த மேடம் பேனாவ மூடி வச்சுட்டு, கடைசியா ஒண்ணுன்னு சொல்லி கேட்டாங்க: "நான் கேட்டிருக்கணும், ஆனா கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம்"னேன்.

அவங்க உடனே எழுந்திரிக்கல. கொஞ்ச நேரம் என்னயே பாத்துட்டு இருந்தாங்க, இல்ல எனக்கு அப்படி தோணுச்சோ என்னவோ, ஒருவேள அவங்களுக்கு அடுத்த மீட்டிங் ஞாபகம் வந்திருக்கலாம்.

என் மனசுல அப்ப ஓடுனது ஒரே ஒரு ஃபைல். ஒரு ஏஜெண்டோட ட்யூ டிலிஜென்ஸ் ஃபார்ம், அதாவது காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஆள் எப்படின்னு விசாரிச்சு ரொப்பற ஃபார்ம். கையெழுத்துக்குப் பக்கத்துல மார்ச் 3னு தேதி, ஏப்ரல்ல அவருக்கு கமிஷன் போயிருக்கு. வரிசை கரெக்டா இருக்கு, யாரு பாத்தாலும் டிக் போட்டுட்டு போயிடுவாங்க. ஆனா ஃபார்ம் அடியில பொடி எழுத்துல வெர்ஷன் நம்பர்னு ஒண்ணு இருக்கும், இதுல அது 4. நாலாவது வெர்ஷன நாங்க வெளிய விட்டதே மே மாசம். அத உக்காந்து தயார் பண்ணவனே நான்தான். அப்ப மார்ச்ல எப்படிப்பா அதுல கையெழுத்து போட முடியும்? காச குடுத்துட்டு அப்புறமா ஃபார்ம ரொப்பி பழைய தேதி போட்டிருக்காங்க.

மானிட்டர் டீம் எடுத்த சாம்பிள்ல அந்த ஃபைல் வரல.

நான் ஒண்ணும் மூடி வைக்கல, சார்கிட்ட முன்னாடியே சொன்னேன். அவரு, "அது அக்ரிமெண்ட்டுக்கு முன்னாடி நடந்ததுப்பா, இப்ப சிஸ்டமே மாத்தியாச்சுல்ல. கேட்டா மறைக்காத. கேக்காதத நீயா இழுத்து விடாத"ன்னார். அவரு கெட்டவர்னு நினைச்சுடாதீங்க, எங்க ஆபீஸ்ல பிசினஸ் ஆளுங்ககிட்ட முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ற ஒரே ஆள் அவர்தான். புது சிஸ்டமும் நிஜம்தான், ஃபார்ம் ஏறலன்னா பேமெண்ட் ஸ்க்ரீனே திறக்காது.

அப்புறம் நான் பண்ண வேலை என்னன்னா, எனக்கு சாதகமா இருக்கற பேப்பர தேடி படிச்சேன். 2008ல அமெரிக்க அரசாங்கத்தோட நீதித்துறை (கோர்ட்டு இல்ல, கேஸ் போடற டிபார்ட்மெண்ட்) போட்ட மார்ஃபர்ட் மெமோ, மானிட்டர் விஷயத்துல எல்லாரும் காட்டறது அதத்தான். மானிட்டர் கம்பெனி ஆளும் கெடையாது, அரசாங்கத்து ஆளும் கெடையாது (ஃபீஸ் மட்டும் கம்பெனி கட்டும், அது தனி கூத்து), தப்பு திரும்ப நடக்கற ரிஸ்க்க குறைக்க எவ்வளவு தேவையோ அதுக்கு மேல அவங்க பொறுப்பு நீளக்கூடாதுன்னு அதுல இருக்கு. பாத்தீங்களா, பழசத் தோண்டறது அவங்க வேலையே இல்லன்னு ரெண்டு நாள் நிம்மதியா இருந்தேன். மூணாவது நாள் அதே பாராவ முழுசா படிச்சா, நடந்த தப்போட முழு அளவும் மானிட்டருக்கு புரிய வேண்டியிருக்கும்னும் போட்டிருக்கு. வேணுங்கற பாதி வரியத்தான் கண்ணு படிச்சிருக்கு.

இன்னொரு விஷயம், இத சொல்லாம விட்டா மேல எழுதுனதுக்கு அர்த்தமே இல்ல. அந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டவர் இன்னும் அதே சீட்லதான் இருந்தார். புது சிஸ்டத்துல அப்ரூவல் பட்டன் அவர்கிட்டதான். பேமெண்ட் ஸ்க்ரீன் ஃபார்ம் இருக்கான்னுதான் பாக்கும், உள்ள இருக்கறது உண்மையான்னு பாக்காது. நீதித்துறை 2017ல இருந்து கம்ப்ளையன்ஸ் ப்ரோக்ராம எடை போடறதுக்கு ஒரு கைடன்ஸ் வச்சிருக்கு, நாங்க ட்ரெய்னிங்ல அத ஸ்லைடு போட்டு நடத்துவோம்: நல்லா டிசைன் பண்ணியிருக்கா, போதுமான ஆளும் அதிகாரமும் குடுத்திருக்கா, நிஜத்துல வேலை செய்யுதா. மூணாவதுக்கு எங்ககிட்ட இருந்த பதில் அந்த ஒரு ஃபைல்லதான் இருந்துச்சு, அத வச்சுகிட்டுதான் நான் "இல்ல மேடம்"னு சொன்னேன்.

சரி, சொல்லியிருந்தா? 2022ல இருந்து பல அக்ரிமெண்ட்ல, காலம் முடியறப்ப சிஇஓவும் சீஃப் கம்ப்ளையன்ஸ் ஆபீசரும், ப்ரோக்ராம் ஒழுங்கா இருக்குன்னு சர்டிஃபை பண்ணி கையெழுத்து போடணும். எங்களுதும் அப்படித்தான். அதுல கையெழுத்து போட வேண்டியவர் நான் மேல சொன்ன அதே சார். நான் வாய தெறந்தா முதல்ல அடி வாங்கறது தேதி போட்டவர் இல்ல, இவர்தான்னு அப்ப தோணுச்சு. இப்ப யோசிச்சா அது தலைகீழ். அவர் பேரு போட்டு கையெழுத்து போடப் போறாருன்னாலே, நான் பேசியிருக்கணும். ஆனா அவருக்குத்தான் தெரியுமே, நான்தான் சொல்லிட்டேனே. இந்த இடத்துல வந்து நின்னுடுது, ஒவ்வொரு தடவையும்.

மானிட்டர் சர்டிஃபிகேஷன் குடுத்தாங்க, டீமுக்கு மெயில் வந்துச்சு, எல்லாரும் கை குலுக்கிக்கிட்டோம். ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு என் லெவல்ல யாருக்கும் காட்டல. வெளியவும் வராது. எச்எஸ்பிசி பேங்க்கோட 2012 அக்ரிமெண்ட்டுக்கு வந்த மானிட்டர் ரிப்போர்ட்ட வெளியிடச் சொல்லி ஒரு கஸ்டமர் கோர்ட்டுக்கு எழுதி, கீழ்க்கோர்ட்டு சரின்னு சொல்லியும், 2017ல அப்பீல் கோர்ட்டு முடியாதுன்னுடுச்சு. வெளிய வந்துட்டா அடுத்து யாரும் மனசு விட்டு பேச மாட்டாங்கன்னு ஒரு வாதம் உண்டு. எனக்கு அதப் படிச்சப்ப சிரிப்பு வந்துச்சு. பூட்டி வச்ச ரூம்ல, பேர் வெளிய வராதுன்னு சொல்லியே கேட்டாங்க, நான் பேசலயே.

அந்த மேடத்துக்கு தெரிஞ்சிருக்குமா? வேற யாராவது சொல்லியிருந்து, நான் சொல்றேனான்னு பாக்கத்தான் கேட்டாங்களா? எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விதான் அது, இந்த வேலையில இருக்கறவங்களுக்கு தெரியும். இருந்தாலும் அந்த மூடுன பேனா.

இப்ப வேற இடத்துல இன்டர்னல் இன்வெஸ்டிகேஷன் பாக்கறேன், மேஜைக்கு அந்தப் பக்கம் நான். கேள்வி டெம்ப்ளேட் நானே போட்டது, 14 கேள்வி, இது வெர்ஷன் 2. அந்த கடைசி கேள்வி அதுல இல்ல. ரொம்ப பொதுவான கேள்வி, ஆளுங்க என்னத்தையாவது பேசி டைம் போயிடும்னு டீம்ல காரணம் சொல்லியிருக்கேன்.